அம்மா இரண்டு இரவு தங்கிய வீடு

தொல்மே
2016 மார்ச் 6

தம்பி கிதே,

நீயும் மிஜொங்கும் குழந்தையும் சுகமாக இருக்கிறீர்களா? இங்கே பூண்டு வயலில் பனி உருகி, கால் வைத்த இடமெல்லாம் சேறு. எனக்கு ஒன்றுமில்லை. அம்மா இருக்கிறாள்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். ஃபோன் செய்தால் "கூட்டத்துல இருக்கேன்க்கா, அப்புறம் கூப்பிடறேன்" என்கிறாய். அந்த அப்புறம் இன்னும் வந்தபாடில்லை. தவிர, நான் ஃபோனை எடுத்தாலே அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லு" என்று முழங்கையால் இடிக்கிறாள். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

எல்லாம் நல்லா இல்லை. அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் இப்போது அடியோடு போய்விட்டன. போன மாதத்திலிருந்து செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். காலை ஆறரை பஸ்ஸில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். திரும்ப மூன்று மணி ஆகிவிடுகிறது. நம் ஊரிலிருந்தே இன்னும் நான்கு பேர் அதே பஸ்ஸில் வருகிறார்கள். டிரைவர் அதற்கு 'தொல்மே ஸ்பெஷல்' என்று பெயர் வைத்திருக்கிறான். நாற்பது வீட்டு ஊருக்கு ஐந்து பேர்.

பழைய பாட்டரிகளை உருக்கி ஈயம் எடுத்த அந்த ஆலையை மூடி ஒரு வருஷம் ஆகிறது. அதன் மேலாளர் பத்திரிகைக்காரனிடம் என்ன சொன்னான் தெரியுமா? தொல்மேக்காரர்கள் உப்பில் ஊறப்போட்ட இறாலை அளவில்லாமல் தின்கிறார்களாம், அதனால்தான் சிறுநீரகம் கெடுகிறதாம். ஆஸ்பத்திரியிலும் உப்பைக் குறை, உப்பைக் குறை என்றுதான் பாட்டு. அம்மாவுக்குக் கோபம் தாங்கவில்லை. "எழுபது வருஷமா நான் தின்னது இதே உப்புதான். ஆலை வந்து பத்து வருஷம்தான் ஆச்சு. உப்பு மேல பழியைப் போட்டா உப்பு வந்து பதில் பேசாதுல்ல, அதான்" என்றாள்.

ஊர்த்தலைவர் பாங் சொல்கிறார், நம்மைப் போன்ற ஊர்களுக்காக அமைச்சகம் புதுச் சட்ட விதி எழுதுகிறதாம், அந்தப் பிரிவில் நீயும் இருக்கிறாயாம். உண்மையா? அம்மாவுக்கு வேறெதுவும் வேண்டாம். 'இது உப்பால் வந்ததல்ல' என்று முத்திரை குத்திய ஒரு காகிதம் கையில் வேண்டும். அவ்வளவுதான்.

குளிரில் கழுத்தை மூடிக்கொண்டு போ.

அக்கா பொக்சுன்


தேஜோன்
2016 ஏப்ரல் 11

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. தாமதத்துக்கு மன்னிக்கவும். நாங்கள் மூவரும் சுகம். அம்மாவின் நிலைமையைப் படித்து மனம் கனத்துவிட்டது. மிஜொங் பேரிக்காய் ஒரு பெட்டி வாங்கினாள். டயாலிசிஸ் நோயாளிக்குப் பழம் ஆகாது என்று அப்புறம் தெரிந்தது. அதனால் உங்களுக்கு மட்டும் அனுப்புகிறேன்.

பாங் அண்ணன் சொன்னது உண்மைதான். 'பாதிக்கப்பட்ட குடியிருப்பாளர்களை அங்கீகரிக்கும் விதிகள்' என்று பெயர். ஐந்து பேர் கொண்ட குழுவில் நானும் ஒருவன். இதை ஊரில் பெரிதாகப் பேச வேண்டாம். சொந்த ஊர் என்பதால் எனக்குச் சங்கடம். நல்ல விதியாக வரும் என்று நம்புகிறேன். யார் பாதிக்கப்பட்டவர் என்பதற்கு அளவுகோல் தெளிவாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வேறொரு ஊரில் வெளியாட்கள் வந்து பாதிக்கப்பட்டவர்களோடு கலந்துகொண்டு பெரிய தகராறு ஆகிவிட்டது.

உங்கள் கையெழுத்து முன்னைப் போல இல்லையே, உடம்புக்கு ஏதாவது?

வசந்தம் உங்கள் இருவருக்கும் இதமாக இருக்கட்டும்.

கிதே


தொல்மே
2016 மே 30

தம்பி,

பேரிக்காய் இனிப்பாக இருந்தது. நீ வெயிலில் அலையாமல் இருக்கிறாயா? என் கையெழுத்துக்குப் பேனாதான் காரணம், வேறொன்றுமில்லை.

உங்கள் விதியின் வரைவு வந்துவிட்டது. ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்ததை பாங் படம் எடுத்துக்கொண்டு வந்து ஊர் மண்டபத்தில் சத்தமாகப் படித்தார். 'ஆலை இயங்கிய காலத்தில், அதிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள், தொடர்ந்து ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் குடியிருப்புப் பதிவு உள்ளவர்' என்று ஒரு வரி. படித்ததும் ஆண்கள் தலையாட்டினார்கள். பெண்கள் பக்கம் ஒரு சத்தம் இல்லை.

ஏன் என்று உனக்குத் தெரியும். நம் ஊரில் பாதி அம்மாக்கள் காகிதத்தில் நகரத்தில் வாழ்கிறார்கள். வயதான பெற்றோரைக் கூட வைத்துக் காப்பாற்றுகிறவர்களுக்குப் புது வீட்டுக் குலுக்கலில் கூடுதல் புள்ளி என்று வந்ததும், பிள்ளைகள் ஒவ்வொருவராக ஊருக்கு வந்து அம்மாவின் பதிவைத் தன் முகவரிக்கு மாற்றிக்கொண்டு போனார்கள். எல்லா வீட்டிலும் செய்கிற காரியம், யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. அம்மாக்களுக்குப் பெருமை வேறு, பிள்ளைக்கு வீடு வாங்கிக் கொடுத்தேன் என்று. நீ 2008 வசந்தத்தில் வந்தாய். "மூணே வருஷம்க்கா, வீடு கெடைச்சதும் திருப்பிடறேன்" என்றாய். படிவத்தை ஊராட்சி அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனதே நான்தான். உனக்கு வீடு கிடைத்தது. எட்டு வருஷம் ஆகிறது, அம்மாவின் பெயர் இன்னும் உன் வீட்டில்தான் இருக்கிறது.

பாங் உட்கார்ந்து எண்ணினார். அம்மாவோடு ஒன்பது பெண்கள் பட்டியலுக்கு வெளியே போகிறார்கள். தொல்மே ஸ்பெஷலில் போகிறவர்களில் மூன்று பேர்.

அம்மா இங்கேதான் இருந்தாள் என்பது இந்த ஊர்க் கோழிக்கும் தெரியும். மண்டபத்தில் குளிர்காலம் முழுக்க பெண்கள் கூடிச் சமைத்துச் சாப்பிடுகிறார்களே, அந்த முறைப் பட்டியல் நோட்டு இருக்கிறது. யார் எந்தத் தேதியில் சோறு வடித்தாள் என்று பாங்கின் பெண்டாட்டி பத்து வருஷமாக எழுதி வைத்திருக்கிறாள். அம்மா ஒரு முறையும் தவறவிட்டதில்லை. இப்படி ஒரு நோட்டை ஆதாரமாக ஏற்கலாம் என்று விதியில் ஒரு வரி சேர்க்க முடியாதா? நீ அங்கேதானே இருக்கிறாய்?

உடனே பதில் போடு. வயிற்றைக் காயப்போடாதே.

அக்கா பொக்சுன்


தேஜோன்
2016 ஜூலை 18

அன்புள்ள அக்கா,

மழைக்காலம் தொடங்கிவிட்டது. அம்மாவும் நீங்களும் ஈரத்தில் நனையாமல் இருங்கள்.

பல முறை எழுதி, கிழித்துப் போட்டேன். அந்த ஐந்து ஆண்டு வரி மேலிடத்தில் முடிவானது. என் கையில் இல்லை. மாற்றச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். பதிவு ஓரிடத்தில், ஆள் வேறிடத்தில் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அதற்கு நான் என்ன சொல்வது? பொய்ப் பதிவில் வாங்கிய வீடு என்று தெரிந்தால் ஒப்பந்தம் ரத்தாகும். வழக்கு வரும். அரசு ஊழியன் என்பதால் வேலையிலும் நடவடிக்கை இருக்கும். குழந்தை இந்த வருஷம்தான் பள்ளியில் சேர்ந்திருக்கிறாள். மிஜொங் இதையெல்லாம் தாங்க மாட்டாள்.

இப்போது அவசரப்பட்டு அம்மாவின் பதிவைத் திருப்பவும் வேண்டாம். அந்தத் தேதியே கேள்வியைக் கிளப்பும். சிகிச்சைக்கு ஆகிற எதையும் நான் அனுப்புகிறேன். அதில் குறை வைக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 19 அன்று தொல்மே மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். குறிப்பெடுக்க என்னை அனுப்புகிறார்கள். மறுத்துப் பார்த்தேன், நடக்கவில்லை. அக்கா, ஒரே ஒரு வேண்டுகோள். அன்று அம்மாவை அழைத்து வராதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிதே


தொல்மே
2016 ஆகஸ்ட் 25

கிதே,

ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். சாப்பிடாமல் போனாய், வழியில் எங்கேயாவது சாப்பிட்டாயா?

நீயும் அங்கே இருந்தாய், நான் எதற்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. ஆனால் நீ காகிதத்தைத் தவிர எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உன் ஜூலைக் கடிதத்தை அம்மா படித்துவிட்டாள். மாத்திரை எடுக்க என் அலமாரியைத் திறந்திருக்கிறாள். எனக்குக் கூட்டத்துக்கு முந்தின நாள்தான் தெரியும். "அவன் வேலைக்கு ஏதும் வருமா?" என்று மட்டும் கேட்டாள். நான், வராதும்மா, நீ படு என்றேன். காலையில் பார்த்தால் குளித்து, அந்தச் சாம்பல் ரவிக்கையைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் வாசலில் நிற்கிறாள். வெள்ளிக்கிழமை, டயாலிசிஸ் இல்லாத நாள். எப்படித் தடுக்கிறது?

மண்டபத்தில் பாங் அவளைத்தான் முதலில் பேசக் கூப்பிடுவதாக இருந்தார். ஊரில் நன்றாகப் பேசுகிறவள் அவள்தானே. அந்த உப்புக் கதையை அவள் கிழித்துத் தொங்கவிடுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். ஆலை தரப்பு வக்கீல் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தான். அம்மா எழுந்து, உன் மேசைக்கு முன்னால் வந்து நின்று, உனக்குக் குனிந்து வணக்கம் சொன்னாள். பெற்ற பிள்ளைக்கு.

"அதிகாரி ஐயா, என் பேரு நோ சுல்லே. எனக்குச் சிறுநீரகம் போயிருச்சு. அது உப்பால வந்ததுதான். நான் சின்ன வயசுலேர்ந்தே உப்பு ஜாஸ்தி சாப்பிடறவ. என் பேரை எதுலயும் எழுத வேணாங்கய்யா."

வக்கீல் தலையைத் தூக்கி, "இதைக் குறிப்புல ஏத்திடுங்க" என்றான். நீ பேனாவை எடுத்து எழுதினாய்.

நீ நிமிர்ந்து பார்க்காதது இதற்கு அப்புறம் நடந்தது. மற்ற எட்டு அம்மாக்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பாங் கூப்பிடக் கூப்பிட ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்களே. வீட்டுக்கு வந்து அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, "பய இளைச்சுட்டான்" என்றாள்.

பாங் என்னோடு பேசுவதில்லை. அவர் சம்சாரமும் தொல்மே ஸ்பெஷலில் போகிறவள்தான். எனக்குக் களைப்பாக இருக்கிறது, கிதே. கோபப்படக்கூடத் தெம்பில்லை.

சூசொக் பண்டிகைக்கு, அப்பாவின் சமாதியைக் கும்பிட, வருவாய் அல்லவா?

அக்கா


தொல்மே
2016 அக்டோபர் 3

கிதே,

நீங்கள் எல்லோரும் நலம்தானே? சூசொக்குக்கு நீ வரவில்லை. அப்பாவின் சமாதியில் புல்லை நானே வெட்டினேன். கை பிடிக்காததால் இரண்டு நாள் ஆயிற்று. போன கடிதத்துக்கும் பதில் இல்லை.

அம்மாவுக்கு இப்போது நடக்க முடியவில்லை. பஸ்ஸில் ஏற்ற டிரைவர் இறங்கி வந்து தூக்கிவிடுகிறான். இந்த நிலைமையிலும் துறைமுகத்திலிருந்து இலையுதிர்கால இறால் வாங்கி வரச் சொன்னாள். வாயில் வைத்துப் பார்க்கக்கூட அனுமதியில்லை. வாசனையை வைத்தே அளவு பார்த்து உப்புப் போட்டு ஒரு ஜாடி நிரப்பியிருக்கிறாள். மூடியில் உன் பெயர். "அவனுக்கு அனுப்பிடு, கடையில வாங்கறது நல்லா இருக்காது" என்றாள்.

சரி என்றேன். ஆனால் அனுப்பவில்லை. அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

குழந்தைக்கு என் அன்பு.

அக்கா


தேஜோன்
2016 அக்டோபர் 21

அன்புள்ள அக்கா,

குளிர் தொடங்குகிறது, அறையைச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள். வேலை மிகுதியால் வர இயலவில்லை. அம்மாவுக்காக உப்புக் குறைந்த சோயா சாஸ் ஆறு புட்டி தனியே அனுப்பியிருக்கிறேன். நோயாளிகளுக்கென்றே செய்தது என்று கடையில் சொன்னார்கள்.

விரைவில் வருகிறேன்.

கிதே


தொல்மே
2016 நவம்பர் 30

கிதே,

அம்மாவின் சடங்குகள் முடிந்த களைப்பு உனக்குத் தீர்ந்ததா? மூன்று நாளும் துக்க உடையில், மகனாக, வந்தவர்களுக்கெல்லாம் முறையாக மண்டியிட்டு வணங்கினாய். ஒரு குறை சொல்ல முடியாது. என்னோடு மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

நீ அனுப்பிய ஆறு புட்டிகளும் பிரிக்காமல் இருக்கின்றன. அம்மா புட்டியில் ஒட்டியிருந்த 'உப்புக் குறைந்தது' என்ற சீட்டை வாசித்துவிட்டு, "அவனே நம்பிட்டானா?" என்று கேட்டாள். அவள் உப்பைப் பற்றிப் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

நேற்று ஊராட்சி அலுவலகத்துக்கு இறப்புப் பதிவு நகல் வாங்கப் போனேன். அதில் அச்சடித்திருக்கிறது: இறந்தவரின் முகவரி, தேஜோன், உன் அடுக்ககம், பன்னிரண்டாம் மாடி. அங்கே வேலை செய்கிற பெண் திரையைப் பார்த்துவிட்டு, "அம்மா மகன்கூட இருந்தாங்களா, கொடுத்து வெச்சவங்க" என்றாள். எட்டு வருஷம் உன்னோடு வாழ்ந்து உன் வீட்டில் இருந்தபடியே செத்திருக்கிறாள். அரசாங்கக் காகிதம் சொல்கிறது.

அப்படியானால் நீ எனக்குச் சொல்லு. காலையில் எழுந்ததும் அம்மா முதலில் என்ன குடிப்பாள்? எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பாள்? மழை வந்தால் எந்தக் கால் வலிக்கும்? டயாலிசிஸ் முடிந்து வரும்போது பஸ்ஸில் எந்த வளைவில் வாந்தி எடுப்பாள்? எட்டு வருஷம் கூட இருந்தவனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்குமே.

ஊரில் யாரும் உன்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மற்ற எட்டு அம்மாக்களும் அப்படியே இருக்கிறார்கள், வாயைத் திறக்காமல். பிள்ளை நல்லா இருந்தா போதும் என்கிறார்கள். இனி ஒவ்வொருவரும் உப்பு தின்று சாவார்கள். விதி ஜனவரியில் அமலுக்கு வருகிறது என்று பாங் சொன்னார்.

இனி நான் எழுதப்போவதில்லை. நீ நன்றாக இரு. இது மனதாரச் சொல்வதுதான்.

அக்கா பொக்சுன்


தேஜோன்
2016 டிசம்பர் 22

அன்புள்ள அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு முகமில்லை. நீங்கள் கேட்ட நான்கு கேள்விகளில் ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. மூன்று வாரம் யோசித்தேன். அதற்குப் பதிலாக, நேற்று அமைச்சகத்தில் நான் கொடுத்த வாக்குமூலத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

*

வாக்குமூலம்

நான், தாக் கிதே, பாதிக்கப்பட்ட குடியிருப்பாளர் அங்கீகார விதிகளின் வரைவுக் குழு உறுப்பினர், கீழ்க்கண்டவற்றை என் பொறுப்பில் தெரிவிக்கிறேன்.

ஒன்று. காலஞ்சென்ற நோ சுல்லே என் தாய். 2008 ஏப்ரல் முதல் அவர் குடியிருப்புப் பதிவு என் முகவரியில் இருந்தது. வீட்டுக் குலுக்கலில் கூடுதல் புள்ளி பெறுவதற்காக நான் கேட்டு மாற்றியது. அவர் அங்கே வசிக்கவில்லை. அந்த எட்டு ஆண்டுகளில் என் வீட்டில் அவர் தங்கியது இரண்டு இரவுகள். ஒன்று, என் மகளின் முதல் பிறந்தநாள். மற்றொன்று, தேஜோன் பெரிய மருத்துவமனையில் சிறுநீரகப் பரிசோதனைக்கு முந்தைய இரவு. அன்று அவர் கூடத்தில் தரையில் படுத்தார். தனியறை தயாராக இருந்தது. படுக்கை வீணாகிவிடும் என்றார். மற்ற எல்லா இரவும் அவர் தொல்மேயில், ஆலைக்கு எழுநூறு மீட்டர் தொலைவில் தூங்கினார்.

இரண்டு. ஐந்து ஆண்டு தொடர் பதிவு வேண்டும் என்ற விதியை எழுதியது நான். என் தமக்கைக்கு அது மேலிடத்து முடிவு என்று எழுதினேன், அது பொய். பழைய விதி ஒன்றைப் பார்த்து அப்படியே எடுத்து எழுதினேன். யாரும் எதிர்க்கவில்லை, சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டினார்கள். எழுதிக் கொடுத்து மூன்று நாள் கழித்துத்தான் என் தாய் அந்த வரிக்கு வெளியே நிற்கிறார் என்பது நினைவுக்கு வந்தது. அதன்பின் விதி இறுதியாகும்வரை மாற்ற எனக்கு ஐந்து மாத அவகாசம் இருந்தது. மாற்றவில்லை.

மூன்று. ஆகஸ்ட் 19 கூட்டக் குறிப்பில் பதினான்காம் வரி: 'நோ சுல்லே, தன் நோய் உப்பால் வந்தது எனத் தெரிவித்தார்.' அது என் கையெழுத்து. என்னைக் காப்பாற்ற அவர் சொன்ன பொய் அது என்று எழுதும்போதே எனக்குத் தெரியும். எதிரே நின்றவர் என் தாய் என்று அந்த அறையில் அதிகாரிகள் யாருக்கும் தெரியாது. நான் சொல்லவில்லை.

நான்கு. பதிவேடு பொய் சொல்லும் என்பதற்கு நானே சான்று. எனவே, பதிவுக்கு மாற்றாக வேறு ஆதாரங்களையும் ஏற்கும் பிரிவைச் சேர்க்கக் கோருகிறேன். தொல்மே மண்டபத்தின் சமையல் முறைப் பட்டியலில் 2008 முதல் 2015 வரை என் தாயின் பெயர் நூற்றுப் பதினோரு முறை வருகிறது. போன ஞாயிற்றுக்கிழமை ஊர்த்தலைவர் வீட்டில் உட்கார்ந்து நானே எண்ணினேன். மற்ற எட்டுப் பெண்களின் பெயர்களும் அதில் உள்ளன. அவர்களின் பிள்ளைகள் பெயரை நான் கேட்கவில்லை, சொல்லப்போவதும் இல்லை.

என் மீதான நடவடிக்கை எதையும் ஏற்கிறேன்.

*

அக்கா, ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தும் வீட்டுக்கு வரவில்லை. வாசல் வரை வந்தேன். உள்ளே விளக்கு எரிந்தது. மிஜொங்கிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள், "அத்தைக்கு அந்த ரூம் பிடிக்கலையோன்னு நான் எத்தனை நாள் வருத்தப்பட்டிருக்கேன் தெரியுமா" என்று அழுதாள்.

கதகதப்பாக இருங்கள்.

கிதே


ஹெனாம்
2017 ஜூன் 12

அன்புள்ள அக்கா,

ஆறு மாதமாக எனக்குக் கடிதம் இல்லை, அதில் நியாயம் இருக்கிறது. பாங் அண்ணன் மூலம் நீங்கள் நலம் என்று கேட்டுக்கொள்கிறேன். வீடு போய்விட்டது. வழக்கு நடக்கிறது. பதவியிறக்கி இந்தத் தெற்கு மூலைக்கு மாற்றினார்கள். இங்கே கழிவுநீர் மாதிரி எடுக்கிற வேலை. ஓர் அறையில் மூவரும் இருக்கிறோம். குழந்தைக்கு இந்தப் பள்ளி பிடித்திருக்கிறது, கடல் தெரிகிறதாம்.

மாற்று ஆதாரப் பிரிவு ஏப்ரலில் சேர்ந்துவிட்டது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். நேற்று எங்கள் பழைய அடுக்ககத்தின் காவல்காரர் ஒரு பதிவுத் தபாலை எனக்கு அனுப்பி வைத்திருந்தார். அம்மாவின் பெயருக்கு, அந்த முகவரிக்கு, அமைச்சகத்திலிருந்து வந்த உறை. அவளுக்காக நீங்கள்தான் விண்ணப்பித்திருப்பீர்கள். அவர்கள் கணக்கில் அம்மா இன்னமும் அங்கேதான் இருக்கிறாள். அது என்னவென்று எனக்குத் தெரியும். அந்தப் படிவத்தை அச்சுக்குக் கொடுத்தவனே நான். மூன்றாம் வரியில் நோயின் காரணம் இருக்கும்.

நான் திறக்கவில்லை. அம்மாவுக்கு வந்த தபால். தபாலில் மறுபடி அனுப்பவும் மனமில்லை. நான் கொண்டு வரலாமா?

பதில் வரும்வரை காத்திருக்கிறேன்.

கிதே


தொல்மே
2017 ஜூன் 17

தம்பி கிதே,

நீங்கள் மூவரும் நலமாக இருப்பது தெரிந்து மனது சற்று ஆறியது. இதைப் பாங்கின் சம்சாரம் எழுதுகிறாள், நான் சொல்லச் சொல்ல. ஈயம் ஏறி என் மணிக்கட்டு இப்போது பேனாவைப் பிடிப்பதில்லை. நீ கேட்டபோது பேனா மேல் பழியைப் போட்டேன். எனக்கும் ஓர் உறை வந்தது, அம்மாவுக்கு முன்பே, பிப்ரவரியில். என் பதிவு எப்போதும் இங்கேதானே இருந்தது, எனக்குத் தகராறே இல்லை. கையைப் பற்றி அப்போதே உன்னிடம் சொன்னால் அம்மாவை விட்டுவிட்டு என்னைப் பார்க்க ஆரம்பிப்பாய் என்று சொல்லவில்லை.

எட்டுப் பேரில் ஏழு பேருக்கு வந்துவிட்டது. ஒருத்தி இன்னும் விண்ணப்பிக்க மாட்டேன் என்கிறாள். அவள் மகனுக்கு இந்த வருஷம் பதவி உயர்வாம்.

கொண்டு வா. சனிக்கிழமை வந்தால் மதியம் டவுனிலிருந்து திரும்புகிற நம் பஸ்ஸிலேயே வா, டிரைவர் உன்னை விசாரித்தான். மிஜொங்கையும் குழந்தையையும் கூட்டி வா. அம்மாவின் சமாதியில் உட்கார்ந்து உறையைப் பிரித்து, அந்த மூன்றாம் வரியை நீயே சத்தமாகப் படி. கடைசியில் அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டது, அது உனக்குத் தெரியாது. அதனால் இரண்டு தடவை படி.

உன் பெயர் போட்ட ஜாடி இன்னும் நிழலில்தான் இருக்கிறது. போன வாரம் மூடியைத் திறந்து பார்த்தேன். சாப்பிட்டுப் பார்க்காமலே போட்டவள், உப்பு சரியாக இருக்கிறது.

அக்கா பொக்சுன்